நான்கு வரிசைகள்: அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 203(ஏ) பிரிவுக்கு ஓர் உரை

"அண்ணன் பேப்பர் போட்டிருக்கான், நம்ம தேதிதான் இன்னும் வரலை." அமெரிக்காவில் சொந்தம் உள்ள தமிழ்நாட்டு வீடுகளில் இது பழகிப்போன பேச்சு. அண்ணன் போட்ட பேப்பரின் பெயர் ஐ-130. அந்த மனுவுக்கு உயிர் கொடுப்பது அமெரிக்கக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தின் 203ஆம் பிரிவில் வரும் (ஏ) உட்பிரிவு. அச்சிட்டால் ஒரு பக்கம் நிரம்பாது. யாரை அழைக்கலாம், எந்த வரிசையில் நிற்கவைக்கலாம், அந்த வரிசைக்கு ஆண்டுக்கு எத்தனை இடம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அதைப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு. டிராவல் ஏஜெண்ட் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் வந்ததையும் நம்பிக் கல்யாணத் தேதி குறித்தவர்கள் நிறைய. அதனால்தான் இந்த உரை. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ஒவ்வொரு கூறின் பொருளையும் தமிழில் தந்து, அதன்கீழ் உரை எழுதியிருக்கிறேன்.

பிறப்பு வரலாறு தெரியாமல் இந்தப் பிரிவின் போக்குப் பிடிபடாது. 1952ஆம் ஆண்டின் சட்டத்தை 1965இல் திருத்தினார்கள். அதற்கு முன்பு பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கீடு. 1946இல் இந்தியாவுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 100 இடம். 1965 அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலை நிற்கும் தீவில், குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் திருத்தத்தில் கையெழுத்திட்டார். நாட்டு ஒதுக்கீடு போனது. குடும்ப உறவு முன்வரிசைக்கு வந்தது. அப்படி வரவைத்தவர் ஒஹையோ மாநிலத்து உறுப்பினர் மைக்கேல் ஃபீகன். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி. அவர்கள் அழைக்கும் உறவினரும் அப்படித்தான் இருப்பார்கள், நாட்டின் முகம் மாறாது என்பது அந்த ஏற்பாட்டுக்குப் பின்னிருந்த கணக்கு. நடந்தது வேறு. படிப்பை வைத்து உள்ளே போன ஆசிய மருத்துவர்களும் பொறியாளர்களும் குடியுரிமை பெற்றார்கள், தம்பி தங்கைகளுக்கு மனுப் போட்டார்கள். இன்றைய எண்ணிக்கைகள் 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தவை. அன்று முதல் அவை மாறவில்லை.

203க்குள் நுழைவதற்கு முன் அதன் வாசற்படியாக இருக்கும் 201ஐப் பார்த்தாக வேண்டும்.

மூலம் (201): அமெரிக்கக் குடிமக்களின் கணவன் அல்லது மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பெற்றோரை அழைக்கும் குடிமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

உரை: வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர்கள் இவர்கள். சட்டம் இவர்களை நெருங்கிய உறவினர் என்கிறது. மனுவும் ஆவணங்களும் நேர்காணலும் நகரும் வேகம்தான் இவர்களுடைய காத்திருப்பு. மற்றபடி 'தேதி வரவில்லை' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

குழந்தைகள் என்றது 21 வயது நிறையாத, திருமணமாகாத மகன், மகள்களை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். 19 வயதில் திருமணமான மகள் இந்தச் சட்டத்துக்குக் குழந்தை அல்லள். மறுமணத்தின் வழி வந்த குழந்தையும் இதில் அடங்கும். அந்தத் திருமணம் நடந்தபோது குழந்தைக்கு 18 நிறைந்திருக்கக் கூடாது. தத்துப்பிள்ளை என்றால் 16 வயதுக்குள் தத்து எடுத்திருக்க வேண்டும், குறைந்தது 2 ஆண்டு சட்டப்படியான பொறுப்பில் வைத்து உடன் வாழ்ந்திருக்கவும் வேண்டும். இந்தியா ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இருப்பதால் மேலும் சில தடைகள் உண்டு. "தங்கச்சி பையனைத் தத்து எடுத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடு" என்று ஊரில் எளிதாக யோசனை சொல்வார்கள். அது அத்தனை எளிதல்ல.

கணவன், மனைவி என்றது எந்த இடத்தில் திருமணம் நடந்ததோ அந்த இடத்துச் சட்டப்படி செல்லுபடியாகும் இணையை. தமிழ்நாட்டில் நடந்த சுயமரியாதைத் திருமணமும் இதில் அடங்கும். இந்துத் திருமணச் சட்டத்தில் 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவு அதற்கு ஆதாரம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை என்பது குறையாகாது. ஆனால் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் அது குறைதான். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், மண்டப ரசீது எல்லாம் துணைக்கு வரும். முதலில் கேட்பது சான்றிதழை. மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல், வீடியோ வழியாக நடந்த திருமணத்தை இந்தச் சட்டம் தானாக ஏற்பதில்லை. அதற்குப் பின் இருவரும் நேரில் சந்தித்துக் கணவன் மனைவியாக வாழ்ந்தது தெரிய வேண்டும். அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணத்துக்கு 2 ஆண்டு நிறையாதிருந்தால் கிடைப்பது 2 ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க இருவரும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். பொய்த் திருமணம் என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், அதன் வழி விசா தேடியவர் பிற்பாடு மெய்யாகவே வேறொருவரை மணந்தாலும் அவருக்காக எந்தக் குடும்ப மனுவும் நிறைவேறாது.

எண்ணிக்கை வரம்பு இல்லை என்பதால் உரிமை இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், வெளிநாட்டுக் கணவனை நாட்டுக்குள் அனுமதிக்கவேண்டும் என்று கேட்கும் அடிப்படை உரிமை குடிமகளான மனைவிக்கு இல்லை என்றது. கணவர் எல் சால்வடோர்க்காரர். அங்கிருந்த துணைத் தூதரகம் அவருக்கு விசா மறுத்திருந்தது. தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கப் பெரும்பாலும் வழி இல்லை என்பது பழைய நெறி. முன்யோஸ் அதை இன்னும் இறுக்கியது. மனுவைத் தயாரிக்கும்போதே கவனமாக இருக்க வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பெற்றோர் விஷயத்தில் ஒரு நுட்பம். மற்ற வரிசைகளில் வருபவர் தம் மனைவி மக்களையும் கூடவே அழைத்துவரலாம். வரம்பில்லாத இந்த வகையில் அந்தச் சலுகை கிடையாது. மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு மகன் மனுப் போடுகிறான், வீட்டில் 15 வயதுத் தம்பி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு விசா வரும், தம்பிக்கு வராது. அம்மா கிரீன் கார்டு பெற்று, தம் பெயரில் தம்பிக்கு இன்னொரு மனுப் போட வேண்டும். அது எந்த வரிசை என்பது கீழே வருகிறது. வரம்பில்லாத பெருவழியில் தாயையும் பிள்ளையையும் பிரிப்பதும், வரம்புள்ள சந்தில் சேர்த்து விடுவதும் இந்தச் சட்டத்தின் விநோதங்களில் ஒன்று.

மூலம் (203(ஏ)(1)): குடிமக்களின் திருமணமாகாத மகன், மகள்கள், ஆண்டுக்கு 23,400 விசா, அதோடு நான்காம் வகுப்பில் மிஞ்சியவை.

உரை: 21 தாண்டிய பிள்ளைகள். அவர்கள் திருமணம் செய்துகொண்டால் மனு சாகாது, மூன்றாம் வகுப்புக்கு நகரும். மனுப் போட்ட பழைய தேதியும் கூடவே போகும். விவாகரத்தானால் திரும்ப முதலாம் வகுப்பு. இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

மூலம் (203(ஏ)(2)): நிரந்தரக் குடியிருப்பாளரின் கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் (ஏ), குழந்தைப் பருவம் தாண்டிய, திருமணமாகாத மகன், மகள்கள் (பி). மொத்தம் 114,200 விசா; இதில் 77 சதவீதத்துக்குக் குறையாமல் (ஏ) பிரிவினருக்கு.

உரை: நிரந்தரக் குடியிருப்பாளர் என்றது கிரீன் கார்டுக்காரரை. அவர் அழைக்கக்கூடியவர்கள் இத்தனை பேர்தான். பெற்றோர் இல்லை, அண்ணன் தம்பி இல்லை, திருமணமான பிள்ளைகளும் இல்லை. மேலே சொன்ன மதுரைத் தம்பி அம்மாவின் வழியாக இந்த (ஏ) பிரிவில் நிற்பான்.

'திருமணமாகாத' என்ற நிபந்தனையில்தான் பல குடும்பங்கள் விழுந்திருக்கின்றன. முதலாம் வகுப்பில் திருமணம் செய்தால் மூன்றாம் வகுப்பு என்ற போக்கிடம் உண்டு. இரண்டாம் வகுப்பில் போக்கிடமே இல்லை, ஏனென்றால் கிரீன் கார்டுக்காரரின் திருமணமான பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தில் எந்த வகுப்பும் இல்லை. தாலி ஏறிய அன்றே மனு தானாக ரத்து. யாரும் கடிதம் போட்டு ரத்து செய்ய வேண்டியதில்லை. பிறகு தந்தை குடியுரிமை பெற்றாலும் செத்த மனு பிழைக்காது, மகளுக்கு விவாகரத்து ஆனாலும் பிழைக்காது. புதிதாகப் போட வேண்டும், புதிய தேதியோடு.

சென்னையில் 27 வயது மகள், நியூஜெர்சியில் கிரீன் கார்டோடு தந்தை, மனுப் போட்டு 7 ஆண்டாகிறது, நல்ல வரன் வந்திருக்கிறது. இந்த வீட்டுக்கு என்ன சொல்வது? தந்தைக்குக் குடியுரிமை கேட்கும் தகுதி வந்துவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். பொதுவாக கிரீன் கார்டு பெற்று 5 ஆண்டு கழித்து அந்தத் தகுதி வரும். அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்த பின் திருமணம் நடந்தால் மனு இரண்டிலிருந்து முதலுக்கும், முதலிலிருந்து மூன்றுக்கும் நகர்ந்துவிடும். 7 ஆண்டுத் தேதி பிழைக்கும். முந்திய வாரம் நடந்தால் எல்லாம் போயிற்று. முகூர்த்தம் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு இந்தத் தேதியையும் வைத்துப் பார்க்கச் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. இது சட்டத்தை ஏமாற்றும் வேலையல்ல, சட்டமே வைத்த ஒழுங்கு. திருமணத்தை மறைத்து, 'மணமாகாதவர்' என்று எழுதி விசா வாங்குவதுதான் ஏமாற்று. அது பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமை விண்ணப்பத்தின்போது வெளியே வந்து, கிரீன் கார்டையே பறித்துக்கொண்டு போகும்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. கிரீன் கார்டுக்கார கணவர் மனைவிக்கு ஒரே மனுப் போட்டால் பிள்ளைகள் அதில் ஒட்டிக்கொள்வார்கள். நடுவில் அவர் குடியுரிமை பெற்றால் மனைவி வரம்பில்லாத வகைக்கு ஏறிவிடுவார். அந்த வகையில் ஒட்டிக்கொள்ள இடமில்லை என்று மேலே பார்த்தோம். பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனி மனுப் போட வேண்டும். நல்ல செய்தி வந்த நாளில் இதை மறந்துவிடுபவர்கள் உண்டு.

மூலம் (203(ஏ)(3)): குடிமக்களின் திருமணமான மகன், மகள்கள், 23,400 விசா, அதோடு மேலிரண்டு வகுப்பில் மிஞ்சியவை.

உரை: இங்கே வருபவர் தம் கணவன் அல்லது மனைவியோடும் குழந்தைகளோடும் வருவார். குழந்தைகள் என்றதற்கு மேலே சொன்ன இலக்கணமே இங்கும். காத்திருப்பு நீள நீளக் குழந்தைகள் 21ஐத் தாண்டிவிடுகிறார்கள். இதற்கு மருந்தாக 2002 ஆகஸ்டில் குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 203இலேயே (எச்) உட்பிரிவாக அமர்ந்தது. விசா கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து, மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழி. விடை 21க்குக் கீழ் வந்தால் குழந்தைதான் என்கிறது அது. ஓராண்டுக்குள் விசாவுக்கு முயன்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

கழித்தும் 21 தாண்டினால்? அந்த மனு தானாக உரிய வகுப்புக்கு மாறும், பழைய தேதியும் நிற்கும் என்று (எச்) மேலும் ஒரு வரி சொல்கிறது. அந்த வரிக்கு ஆளுக்கு ஒரு பொருள் சொன்னார்கள். குவெய்யார் டி ஒசோரியோ என்ற எல் சால்வடோர்ப் பெண்ணுக்கு, குடியுரிமை பெற்ற தாய் மூன்றாம் வகுப்பில் மனுப் போட்டிருந்தார். வரிசை வந்தபோது பேரன் சில மாத வித்தியாசத்தில் 21ஐத் தாண்டியிருந்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2014இல் தீர்ப்பு: மாற்றம் தானாக நிகழ வேண்டுமென்றால் அவனுக்கு மனுப் போட்டவர் அவரே தகுதியுள்ள உறவாக இருக்க வேண்டும். பாட்டி பேரனுக்கு மனுப் போடச் சட்டத்தில் வகுப்பில்லை. ஆகவே அம்மா கிரீன் கார்டு பெற்று, புதிய மனு, புதிய தேதி. நீதிபதிகளே ஒருமிக்காத வழக்கு இது. மூலத்தை நேராகப் படித்தால் பேரனுக்குச் சாதகமாகவும் படிக்க முடியும் என்பதே என் எண்ணம். தீர்ப்பு வந்துவிட்டது, மூன்றாம், நான்காம் வகுப்புக் குடும்பங்கள் அதை வைத்தே திட்டமிட வேண்டும்.

மூலம் (203(ஏ)(4)): குடிமக்களின் சகோதர, சகோதரிகள், அந்தக் குடிமகனுக்கு 21 வயது நிறைந்திருந்தால்; 65,000 விசா, அதோடு மேல் மூன்று வகுப்பில் மிஞ்சியவை.

உரை: எஃப்-4 என்று நம் வீடுகளில் புழங்குவது இதுதான். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

சகோதரர் என்றது, பெற்றோரில் ஒருவராவது பொதுவாக உள்ளவர்களை. அப்பா ஒன்று, அம்மா வேறு என்றாலும் சகோதரர்தான். அப்பா வழி உறவுக்குக் கூடுதல் சான்று கேட்பார்கள். பெரியப்பா மகனும் சித்தி மகளும் நமக்கு அண்ணன், தங்கை. இந்தச் சட்டத்துக்கு அவர்கள் யாருமில்லை. மாமனார், மைத்துனர், தாத்தா பாட்டிக்கும் எந்த வகுப்பிலும் இடமில்லை.

சான்றாக இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் வேண்டும்: மனுப் போட்டவருடையது ஒன்று, பயனாளியுடையது ஒன்று. இரண்டிலும் பெற்றோர் பெயர் ஒத்துப்போக வேண்டும். குடும்பப் பெயர் உள்ள ஊர்களில் அண்ணன் தம்பி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். நம்மிடம் இருப்பது இனிஷியல். ஒருவர் அதை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்கிறார், இன்னொருவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஒருவர் சான்றிதழில் அம்மா 'லட்சுமி', மற்றவருடையதில் 'லெட்சுமி அம்மாள்'. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்த பலருக்குப் பதிவே கிடையாது. அவர்கள் 'பதிவு இல்லை' என்ற சான்றை உரிய அலுவலகத்தில் வாங்கி, பள்ளிச் சான்றிதழையும் பிறப்பை அறிந்த மூத்தவர்களின் பிரமாணப் பத்திரங்களையும் சேர்க்க வேண்டும். அந்த மூத்தவர்கள் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

65,000 என்றதை 65,000 சகோதரர்கள் என்று படிக்கக் கூடாது. 203(டி) படி கூடவரும் கணவன், மனைவி, குழந்தைகள் ஒவ்வொருவரும் அந்த எண்ணிக்கையில் ஒரு தலை. தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு விசா போயிற்று. இதற்கு மேல் 202ஆம் பிரிவு, குடும்பமும் வேலையும் சேர்ந்த மொத்தத்தில் ஒரு நாட்டாருக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்கிறது, ஆண்டுக்கு 25,620. ரேஷன் கடை ஒன்றே, தெருவுக்கு ஒரு வரிசை, எல்லா வரிசைக்கும் ஒரே அளவு அரிசி என்பது போன்ற ஏற்பாடு. கூட்டம் மிகுந்த தெருக்கள் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், இந்தியா. நாடு என்றது பிறந்த நாட்டை. இந்தியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவரும் பெரும்பாலும் இந்திய வரிசையில்தான் நிற்பார்.

விளைவு என்ன? வரிசை எந்தத் தேதிவரை நகர்ந்திருக்கிறது என்று அறிவிக்கும் விசா புல்லட்டின்களில், 2025ஆம் ஆண்டில் இந்திய எஃப்-4க்கு வந்திருந்த தேதி 2006ஆம் ஆண்டுக்குரியது. ஏறக்குறைய 19 ஆண்டு. இன்று மனுப் போடுபவருக்கும் 19 ஆண்டு என்று இதற்குப் பொருளல்ல. 2006க்குப் பின் சேர்ந்த கூட்டம் முன்னே நிற்கிறது. கூடவும் ஆகலாம்.

குழந்தைக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். மனு 2006இல் போட்டது, 2011இல் ஏற்றது; பரிசீலனையில் கிடந்தது 5 ஆண்டு. அன்று 2 வயதாக இருந்த மகளுக்கு 2025இல் 21. ஐந்தைக் கழித்தால் 16, பிழைத்தாள். அன்று 9 வயதாக இருந்த மகனுக்கு 28. கழித்தால் 23, தவறிவிட்டான். ஒரே வீட்டில் தங்கை போகலாம், அண்ணன் போகக் கூடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், மனு அலுவலகத்தில் எத்தனை காலம் தூங்கியதோ அத்தனையும் குழந்தைக்கு லாபம். சீக்கிரம் ஏற்றுவிட்டால் நஷ்டம். பணம் கட்டி மனுவை விரைவுபடுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் அது பொய், அடுத்து அது கெடுதல்.

மனுப் போட்ட அண்ணன் நடுவில் இறந்தால் மனு தானாக ரத்தாகும். மனிதாபிமான அடிப்படையில் மீட்கக் கேட்கலாம்; தருவதும் மறுப்பதும் அரசின் விருப்பம். பயனாளி அப்போது அமெரிக்காவிலேயே வசித்தால் 204(எல்) தனிப் பாதுகாப்புத் தருகிறது. சென்னையில் இருப்பவருக்கு அது உதவாது. இருபது ஆண்டு வரிசையில் இது நடக்காத சங்கதி அல்ல. 50 வயதில் மனுப் போட்டவருக்குத் தம்பி வரும்போது 70. அப்போது ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். ஓய்வுபெற்று, வருமானம் வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதத்தை எட்டாவிட்டால், உடன் கையெழுத்திட இன்னொருவரைத் தேட வேண்டும். அந்தக் கையெழுத்து, வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்புக் கணக்குச் சேரும்வரை, அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை கட்டும். கணவன் மனைவிக்குப் போட்ட கையெழுத்தும் அப்படியே. விவாகரத்து அதை அழிக்காது.

சரி, போடலாமா வேண்டாமா? போடுவதால் ஒரு செலவு, கட்டணத்துக்கு வெளியே, உண்டு. சுற்றுலா விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று கேட்கும். 'ஆம்' என்று எழுதினால், திரும்பி வருவாரா என்ற ஐயம் அதிகாரிக்கு எழலாம். 'இல்லை' என்று எழுதினால் அது பொய், பொய்யான தகவல் வாழ்நாள் தடைக்குக் காரணமாகும். 'ஆம்' என்று எழுதியும் விசா பெற்றவர்கள் ஏராளம். ஊரில் வேலை, வீடு, படிக்கும் பிள்ளை என்ற பிடிமானம்தான் அங்கே பேசும். என் முடிவு: தம்பி முப்பதுகளில் இருந்தால் போட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி வேலையையோ பிள்ளைகளின் படிப்பையோ வீட்டையோ தள்ளிப்போடாதீர்கள். ஐம்பதைத் தொட்டவருக்கு எஃப்-4 என்பது வாக்குறுதியின் பெயரில் வந்த ஒரு ரசீது.

மூலம் (நான்கு வகுப்புக்கும் பொது): ஒரு வகுப்புக்குத் தேவைப்படாத விசாக்கள் மற்ற வகுப்புகளுக்குப் போகும்.

உரை: நான்காவதில் மிஞ்சியது முதலாவதுக்கு, முதலாவதில் மிஞ்சியது இரண்டாவதுக்கு என்று வட்டமாக ஓடும் ஏற்பாடு. ஏட்டில் அழகாக இருக்கிறது. எல்லா வகுப்பிலும் கூட்டம் இருப்பதால் மிஞ்சுவதே இல்லை. பெரிய அளவில் மிஞ்சிய ஒரு சந்தர்ப்பம் 2020, பெருந்தொற்றால் தூதரகங்கள் மூடியபோது. அப்படி ஆண்டு முடிவில் மிஞ்சிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப விசாக்கள் அடுத்த ஆண்டு குடும்பங்களுக்கு வரவில்லை. 201(டி) படி வேலைவாய்ப்பு வகுப்புகளுக்குப் போயின. வேலைவாய்ப்பில் மிஞ்சினால் குடும்பத்துக்கு வருமா? வரும் என்று 201(சி) சொல்கிறது. 480,000இலிருந்து, வரம்பில்லாமல் வந்த நெருங்கிய உறவினர் எண்ணிக்கையைக் கழித்து, வேலைவாய்ப்பில் மிஞ்சியதைக் கூட்டு; விடை எப்படிப் போனாலும் 226,000க்குக் குறையக் கூடாது. நெருங்கிய உறவினர் எண்ணிக்கையே மிகப் பெரிது என்பதால் விடை 226,000க்கு வெகு கீழே போய், அந்தக் குறைந்தபட்சமே நிலையான அளவாகிவிட்டது. நான்கு வகுப்பின் எண்களையும் கூட்டிப் பாருங்கள், அதே 226,000.

மூலம் (203(இ), 203(ஜி)): மனுக் கொடுத்த வரிசையிலேயே விசா தரப்படும். விசா கிடைக்கும் என்று அறிவித்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்காதவரின் பதிவு நீக்கப்படும்.

உரை: முன்பாதி பிரயாரிட்டி டேட் என்ற தேதிக்கு வேர். மனுவை அரசு பெற்றுக்கொண்ட நாளே அந்தத் தேதி, ஏற்ற நாள் அல்ல. அது ஐ-797 என்ற நோட்டீஸில் இருக்கும்.

பின்பாதிதான் கேட்பாரற்றுப் பலரை வீழ்த்துவது. ஏற்ற மனு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். வரிசை நெருங்கும்போது அங்கிருந்து மின்னஞ்சலோ கடிதமோ வரும். 2006இல் கொடுத்த மின்னஞ்சல் முகவரி இன்று யாரிடம் இருக்கிறது? அண்ணன் இரண்டு முறை வீடு மாறியிருப்பார், மனுவை எழுதிக்கொடுத்த வழக்கறிஞர் தொழிலையே விட்டிருப்பார். நோட்டீஸ் எங்கோ போய்க் கிடக்கும், ஓராண்டு ஓடிவிடும். தம் கைமீறிய காரணத்தால் தவறியது என்று 2 ஆண்டுக்குள் நிறுவினால் பதிவை மீட்கலாம், அதற்கு அப்புறம் இல்லை.

ஆகவே இன்றே செய்யக்கூடியது ஒன்று. அண்ணனிடம் ஐ-797இன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். விசா மையத்தில் இருவருடைய இப்போதைய மின்னஞ்சல், முகவரி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் திருமணமோ குழந்தைப் பிறப்போ இறப்போ குடியுரிமையோ நேரும்போது, அமெரிக்க மாநிலம் ஒன்றில் உரிமம் பெற்ற வழக்கறிஞரிடமோ அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதியிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல அங்கே உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான். டிராவல் ஏஜெண்டுக்கு அந்த உரிமை கிடையாது.